மதியம் இரண்டு மணிக்குத் தோற்றுப்போன ஏசி: கரூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

கரூர் பரமத்தி என்ற பெயரைக் கோடைக்காலச் செய்திகளில் கேட்காதவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் இன்றைக்கு வெயில் எங்கே அதிகம் என்று சொல்லும்போது அந்த ஊர் அடிக்கடி முன்னால் வந்து நிற்கும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, கரூர் டவுனில், நான் கார் ஏசி வேலை பார்க்கிறேன். மார்ச் கடைசியில் தொடங்கும் கூட்டம் ஜூன் பாதி வரை ஓயாது. வருகிறவர்களில் பலர் வண்டியை நிறுத்தும்போதே சொல்வது ஒன்றுதான்: "ஏசி பத்தலைங்க, கேஸ் போட்டு விடுங்க."

போன அக்னி நட்சத்திரத்தில் வந்த ஒரு வண்டியைப் பற்றி முழுதாக எழுதுகிறேன். என்னிடம் வருவதற்கு முன்பே அதற்கு மூன்று முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். நானும் அதில் முதல் சுற்றில் தவறு செய்தேன். அந்தத் தவறு நடந்த இடம்தான் மற்ற மெக்கானிக்குகளுக்கும், மாசாமாசம் கேஸுக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

வண்டி ஏழு வருஷம் ஓடிய பெட்ரோல் செடான். உரிமையாளர் போர்வை, திரைச்சீலை எல்லாம் தைத்து ஏற்றுமதி செய்யும் யூனிட் ஒன்றில் மேனேஜர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அவரை அடிக்கடி கோயம்புத்தூருக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

"அண்ணா, ரோட்டுல ஓடுறப்ப ஜில்லுன்னுதாங்க இருக்குது. சிக்னல்ல நின்னா ரெண்டே நிமிஷத்துல அனல் அடிக்குது. போன வாரம் அம்மாவுக்குத் தலை சுத்திருச்சுங்க" என்றார்.

இந்த மூன்று வரியில் பாதி விடை இருக்கிறது. ஓடும்போது குளிர், நின்றால் சூடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் முன்பக்கம், அதாவது ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரும் அதன் வழியாகக் காற்றை இழுக்கும் ஃபேனும். ஓடுகிற வண்டியில் காற்று தானாக வந்து மோதும். நிற்கிற வண்டிக்கு ஃபேன் ஒன்றுதான் கதி. இதையே அவர் இதற்கு முன் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறார். மூன்று இடத்திலும் கேஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவையும் வண்டியைச் சாயந்திரம் வாங்கியிருக்கிறார், ஏசி நன்றாக இருந்திருக்கிறது, மறுநாள் மதியம் மறுபடியும் அதே அனல். கடைசி இடத்தில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போய்விட்டது, 22,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார்.

கேஜ் பேசியது

வண்டியை இரவு பட்டறையிலேயே விடச் சொன்னேன். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யாமலே, அழுத்தம் காட்டும் கேஜ் இரண்டை மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே இருப்பது ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் என்றால், வெளி வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும்போது இரண்டு கேஜும் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்ட வேண்டும். 35 டிகிரி என்றால் 114, 40 டிகிரி என்றால் 133. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிற வரைக்கும் 150 கிராம் கேஸ் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் இந்த எண் மாறாது. அதனால் நிற்கிற வண்டியில் கேஜைப் பார்த்துவிட்டு "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் வேறு ஒரு விஷயத்தை இந்த எண் காட்டிக் கொடுக்கும்.

அன்று காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் 30 டிகிரி. கேஜ் 109. பன்னிரண்டு பிஎஸ்ஐ அதிகம். அப்படியென்றால் உள்ளே ஆர்-134ஏ தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஒன்று கலப்படக் கேஸ், இல்லாவிட்டால் காற்று. சின்ன டப்பாவிலிருந்து கேஸ் ஏற்றும்போது குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றாமல் அப்படியே திறந்துவிட்டால் அந்தக் காற்று உள்ளே போய்விடும். கேஸ் மாதிரி காற்று கண்டென்சரில் குளிர்ந்து திரவமாகாது. கண்டென்சரின் மேல்பகுதியில் தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மதியம் இரண்டு மணிக்கு, வெளியே 41 டிகிரி இருக்கும்போது, வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை ஐடிலில் விட்டு ஏசியை முழுதாக வைத்தேன். கம்ப்ரசருக்குள் கேஸ் போகும் பக்கமான லோ சைடு 58, அழுத்தி வெளியே வரும் பக்கமான ஹை சைடு 365. டேஷ்போர்டில் காற்று வரும் வென்ட்டில் 21 டிகிரி.

இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் அதனால் அழுத்தம் ஏற்ற முடியாது. லோ சைடு உயர்ந்தும் ஹை சைடு தாழ்ந்தும் இருக்கும். இங்கே ஹை சைடு 365 வரை போகிறது. கம்ப்ரசர் வலுவாகத்தான் இருக்கிறது. அந்த 22,000 ரூபாய்ச் செலவு அந்த நிமிஷமே அடிபட்டுப் போனது.

அடுத்து லோ சைடு. 58 பிஎஸ்ஐயில் ஆர்-134ஏ கொதிப்பது 16 டிகிரியை ஒட்டி. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலே 16 டிகிரியில் இருந்தால் அதன் வழியாக வரும் காற்று 8 டிகிரிக்கு எப்படி வரும்? நல்ல வண்டியில் லோ சைடு 30 முதல் 35 வரை நிற்கும். அப்போதுதான் காயில் 2 முதல் 4 டிகிரிக்கு இறங்கும். லோ கேஜைக் காயிலின் தெர்மாமீட்டராகப் படிக்கப் பழகிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஹை சைடு ஏன் இத்தனை உயரம்? காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஏசியின் வேலை. தள்ளுகிற இடம் கண்டென்சர். அதற்குள் இருக்கும் கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு வெளியேறும். வெளியே 41 டிகிரி என்றால் உள்ளே 60 டிகிரியாவது வேண்டும். காற்றோட்டம் குறைந்தால் 60 போதாது, 70, 80 என்று ஏறும். அழுத்தமும் கூடவே ஏறும். அந்தச் சூட்டோடு, அழுத்தத்தைக் குறைத்துக் கூலிங் காயிலுக்கு அனுப்பும் எக்ஸ்பேன்ஷன் வால்வுக்குப் போகிற திரவத்தில் ஒரு பங்கு தன்னைத் தானே குளிர்விப்பதிலேயே ஆவியாகிவிடும். காருக்குள் இருக்கும் சூட்டை எடுக்க மிஞ்சுவது குறைவு. வெயில் ஏற ஏற ஏசி தளர்வது இதனால்தான். ஏற்கெனவே அதிகமாக இருக்கும் கேஸோடு இன்னும் ஏற்றினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, சூடு தள்ளும் பரப்பு இன்னும் சுருங்கிவிடும்.

ஒரு வாளித் தண்ணீரைக் கண்டென்சர் மேல், வயரிங்கில் படாமல், மெதுவாக ஊற்றினேன். ஒரு நிமிஷத்துக்குள் 365 என்று நின்ற முள் 240க்கு இறங்கியது. வென்ட் 13 டிகிரிக்கு வந்தது. தண்ணீர் காய்ந்ததும் முள் பழைய இடத்துக்கே ஏறியது. உள்ளே இருப்பவை சரியாக வேலை செய்கின்றன, சூடு வெளியேறுவதில்தான் தடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மற்ற சந்தேகங்களையும் வரிசையாகப் பார்த்தேன். கேபின் ஃபில்டர் பாதி அடைத்திருந்தது, மாற்றினேன். ஹீட்டருக்குப் போகும் சுடுதண்ணீர்க் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்த்தேன், வென்ட் சூட்டில் மாற்றமில்லை. வெளிக்காற்றை அடைக்கும் கதவு ஒழுங்காக மூடியது. ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது.

நான் விட்ட இடம்

கேஸை மெஷினில் இழுத்தேன். 590 கிராம் வந்தது. பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருக்கிறது. 140 கிராம் கூடுதல், அதோடு காற்றும். இதைத் திறந்து வெளியே விட்டுவிடுகிற வழக்கம் இன்னும் பல இடத்தில் உண்டு, அதை விட்டுவிட வேண்டும். ஒரு கிலோ ஆர்-134ஏ வளிமண்டலத்தில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் அது 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நாம் வெயிலோடு போராடும் தொழிலில் இருந்துகொண்டு வெயிலைக் கூட்டக் கூடாது.

பிறகு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றிச் சோப்பு நுரை தடவினேன். லோ சைடு வால்வு பின்னில் மட்டும் மெல்லிய குமிழ். அடிக்கடி குழாய் மாட்டிக் கழற்றியதில் ரப்பர் போயிருந்தது. அதை மாற்றி, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க 45 நிமிஷம் வேக்கம் எடுத்தேன். கேஸோடு வெளியே வந்த ஆயிலை அளந்து அதே அளவு திரும்ப விட்டேன். எடை போட்டு 450 கிராம் கேஸ் ஏற்றினேன். கண்டென்சரின் முகத்தையும் கழுவிவிட்டேன்.

எல்லாம் முடியும்போது மாலை ஆறேகால். வெளியே 33 டிகிரி. ஹை சைடு 205, லோ சைடு 33, வென்ட் 9 டிகிரி. வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் இரண்டரைக்குப் போன். "அண்ணா, முந்திக்கு இப்ப பரவாயில்லைங்க. ஆனா பஸ் ஸ்டாண்ட் ரவுண்டானாவுல பத்து நிமிஷம் மாட்டிக்கிட்டேன், மறுபடியும் அதே மாதிரி ஆயிருச்சுங்க." குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மதியத்தில் வரும் குறையை நான் சாயந்திரத்தில் சோதித்துவிட்டேன். முந்தைய மூன்று பேரும் செய்தது இதைத்தான். 33 டிகிரியில் பலவீனமான ஏசியும் பாஸ் ஆகிவிடும். 41 டிகிரியில், ஐடிலில், பத்து நிமிஷம் நிற்க வைத்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும்.

பம்பரைக் கழற்றியபோது

வண்டி வந்ததும் 41 டிகிரி வெயிலிலேயே நிற்க வைத்தேன். ஹை சைடு 318, லோ சைடு 47, வென்ட் 17. கேஸ் இப்போது சரியான எடையில் இருக்கிறது, காற்றும் கிடையாது. ஆகவே மிச்சம் இருப்பது காற்றோட்டம் மட்டும்.

நேற்று ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. இந்த வண்டியின் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசி போட்டவுடன் குறைந்த வேகம். ஹை சைடு அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அதிக வேகம். பல வண்டிகளில் அந்த எல்லை 220 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும். நேற்று மாலை ஹை சைடு 205ஐத் தாண்டவே இல்லை, அதனால் அதிக வேகத்துக்கு அப்போது வேலையே வரவில்லை. இப்போது 318இல் நிற்கிறது, ஃபேன் இன்னும் குறைந்த வேகத்திலேயே சுற்றுகிறது. கிரில் முன்னால் ஒரு நோட்டுத்தாளைப் பிடித்தேன். தாள் லேசாகச் சாய்ந்தது, ஒட்டிக்கொள்ளவில்லை.

ஃபியூஸ் பெட்டியில் அதிக வேகத்துக்கான ரிலேயை, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சை, எடுத்துத் திறந்தால் உள்ளே முனைகள் கருகியிருந்தன. இதனால் எஞ்சின் சூடாகவில்லையா என்று கேட்கலாம். ஐடிலில் எஞ்சின் தரும் சூடு குறைவு, அதற்கு அந்தக் குறைந்த வேகமே போதுமாக இருந்திருக்கிறது. மேலும் டேஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் ஓரளவு ஏற்ற இறக்கத்துக்கு அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். முள் நடுவில் இருக்கிறது என்பதை வைத்து ஃபேன் சரி என்று முடிவு கட்டக் கூடாது.

புது ரிலே 200 ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டியதும் ஃபேன் சத்தமே மாறியது. ஹை சைடு 318லிருந்து 285க்கு இறங்கியது. வென்ட் 14. முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் 40 பிஎஸ்ஐ இறங்க வேண்டும்.

சரி, நேற்று செய்யாததை இன்றைக்குச் செய்துவிடலாம் என்று பம்பரைக் கழற்றி, கண்டென்சரை ரேடியேட்டரிலிருந்து விலக்கினேன். இரண்டுக்கும் நடுவில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு மெத்தை. கையால் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டு மாதிரி முழுதாக உரிந்து வந்தது. உரிமையாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இது எங்க யூனிட்டுப் பஞ்சுங்கண்ணா" என்றார். தினமும் வண்டியை நிறுத்துவது கட்டிங் பகுதியின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரமாகவாம். அங்கே நிழல் இருக்கிறது என்பதால்.

வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஃபேன் அந்தப் பஞ்சை உள்ளே இழுத்திருக்கிறது. மெல்லிய இழைகள் கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே புகுந்து, பின்னால் இருக்கும் ரேடியேட்டர் முகத்தில் ஒட்டி, மேலே ரோட்டுத் தூசி படிந்து கெட்டியாகியிருக்கிறது. முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பளபளவென்று தெரியும். வாட்டர் சர்வீஸில் முன்பக்கமிருந்து அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும்போதெல்லாம் பஞ்சு இன்னும் உள்ளேதான் போயிருக்கிறது. சில இடங்களில் தகடுகளும் மடிந்து போயிருந்தன. நெசவும் தையலும் நடக்கிற கரூரில் எத்தனை வண்டிகள் இப்படி ஓடுகின்றன என்று அன்றைக்கு எனக்குக் கவலையாகவே இருந்தது.

பஞ்சை முதலில் உலர்ந்த நிலையில் கையாலும் மெல்லிய பிரஷாலும் எடுத்துவிட வேண்டும். நனைத்துவிட்டால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி விட வேண்டும், வந்த வழியே போகட்டும். மடிந்த தகடுகளைச் சீப்பு வைத்து நிமிர்த்தினோம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் ஓரங்களில் இருக்க வேண்டிய ஸ்பாஞ்சுப் பட்டை ஒரு பக்கம் முழுதாக இல்லை. எப்போதோ பம்பர் வேலை நடந்தபோது திரும்ப வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லாத பொருள். ஆனால் அது இல்லையென்றால், வண்டி நிற்கும்போது ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்றையே ஓர இடைவெளி வழியாக ஃபேன் மறுபடி முன்னால் இழுத்துக்கொள்ளும். கண்டென்சருக்குக் கிடைப்பது வெளியே இருக்கும் 41 டிகிரிக் காற்று அல்ல, 50, 55 டிகிரிக் காற்று. புதுப் பட்டை வெட்டி ஒட்டினோம்.

வண்டியை அன்றைக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் மதியம் இரண்டு மணி வரை காத்திருந்தோம். வெளியே 41 டிகிரி. கண்ணாடி ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, ஐடிலில் பத்து நிமிஷம். லோ சைடு 34, ஹை சைடு 245, வென்ட் 11 டிகிரி. கோவை ரோட்டில் 60 கிமீ வேகத்தில் ஓட்டியபோது வென்ட் 7 டிகிரி. ரவுண்டானாவில் அவரே ஓட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "வெயிலில் ஏசி நிற்கவில்லை" என்று வரும் எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்காது. அதே வாரம் ஒரு டாக்சி வந்தது. அதில் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு ஒரேயடியாக நின்று, அரை மணி ஆறவிட்டால் மறுபடி வேலை செய்தது. அங்கே கேஜில் குறை எதுவும் இல்லை. கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் தேய்ந்து தகடுகளுக்கு இடையே இடைவெளி கூடியிருந்தது. சூடானால் கிளட்ச் காயிலின் மின்தடை ஏறி, இழுக்கும் சக்தி குறைந்து, தகடு விட்டுவிடுகிறது. நடுவில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றைக் கழற்றி இடைவெளியைக் குறைத்ததும் சரியானது. அதனால் ஏசி எப்போது தளர்கிறது, ஓடும்போதா நிற்கும்போதா, மெல்ல மெல்லவா ஒரேயடியாகவா என்று வண்டிக்காரரிடம் நிதானமாகக் கேட்பதற்குச் செலவாகும் ஐந்து நிமிஷத்தை நான் குறைத்துக்கொள்வதில்லை. வண்டிக்காரர்களும் "கேஸ் போடுங்க" என்பதற்குப் பதிலாக இந்த விவரங்களைச் சொன்னால் பெரிய உதவி. பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீர்வதில்லை. சட்டென்று குறைகிறது என்றால் கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல், எடை பார்க்காமல் ஏற்றுவது இந்த வண்டிக்கு நடந்த மாதிரி புதுக் குறையைத்தான் சேர்க்கும்.

அம்மாவை ஏற்றும்போது செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்பினேன். வெயிலில் பூட்டி நின்ற வண்டிக்குள் 55, 60 டிகிரி வரை சூடு ஏறியிருக்கும். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அப்புறம் ஏற்றி, உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்ற வேண்டும். அந்தச் சூட்டை ஏசியின் தலையில் கட்டாமல் காற்றிலேயே வெளியே விட்டுவிடலாம்.

ஜூன் கடைசியில், அம்மாவைக் கோயம்புத்தூர் அழைத்துப் போகும் வழியில், இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். அந்த அம்மா பின் சீட்டில் சால்வை போர்த்தியிருந்தார். "கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லு தம்பி, குளிருது" என்று என்னிடம் சொன்னார். கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளில் அங்கங்கே மறுபடியும் வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தன. வண்டியை இப்போது எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார். அங்கே நிழல் இல்லை, வேப்பங்கன்று ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். தீபாவளிக்கு முன் ஒருமுறை பம்பரைக் கழற்றிப் பார்க்க நாள் குறித்துக்கொண்டோம்.